பூட்டிய அறையும் திறந்த கூரையும்: மர்மக் கதைகளில் பெண் சிறைமீட்சி

துப்பறியும் கதை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பது நம் தமிழ்த்துறைகளில் நெடுநாளைய வழக்கம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் பெயர்கள் நாவல் வரலாறு கற்பிக்கும்போது ஒரு பத்தியில் வந்து மறைகின்றன. ஆனந்தசிங்கும் திகம்பர சாமியாரும் துப்பறியும் கோவிந்தனும் ஒரு காலத்தில் தமிழ் வாசகரின் உறக்கத்தைக் கெடுத்தவர்கள் என்பதை மாணவர்க்குச் சொல்லுவதற்கே நாம் தயங்குகிறோம். மக்கள் பெருவாரியாகப் படிக்கும் ஒன்றைப் படிப்பாளிகள் ஆராயாமல் விடுவது எவ்வகை நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

இக்கதைகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஒரு நிகழ்வை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் அடைத்து வைக்கப்படுகிறாள், பின்னர் மீள்கிறாள். ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டிக்கு வந்து குவியும் கதைகளில் இந்நிகழ்வு இல்லாத ஆண்டே இல்லை எனலாம். காவலாளி உறங்கிவிடுவான், சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், சாளரக் கம்பி துருப்பிடித்திருக்கும். அண்மைக்காலமாக, வில்லன் தன் கைப்பேசியை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுக் குளிக்கச் செல்கிறான். படிக்கும் நமக்கு ஒரே ஐயந்தான் எழுகிறது. நேற்றும் அந்தக் காவலாளி இருந்தான், அந்த ஆணியும் இருந்தது. நேற்று ஏன் அவள் தப்பவில்லை? இவ்வினாவுக்கு விடை சொல்லாத கதையில் கதாநாயகி தப்பவில்லை. ஆசிரியர் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவே.

காப்பியப் புலவர்க்கு இந்த இடர்ப்பாடு இல்லை. மணிமேகலையை அரசமாதேவி சிறையிடுகிறாள்; மயக்கும் மருந்து கொடுக்கிறாள்; புழுக்கறையில் அடைக்கிறாள். மணிமேகலைக்குத் துணை நிற்பது அவள் பெற்ற மந்திரம். ஈற்றில் சிறையிட்டவளே மனம் மாறுகிறாள். அசோகவனத்தில் கணையாழி சென்று சூடாமணி மீள்கிறது. இவ்விரண்டும் இன்றைய துப்பறியும் கதை கேட்கும் அடையாளச் சான்றுகளே. ஆயினும், தூக்கிச் செல்வதாக அனுமன் கூறியபோது சீதை மறுக்கிறாள். மீளும் வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதை ஏற்காமைக்கு அவள் தரும் காரணங்களே அப்பகுதியின் உயிர். காப்பியத்தில் மீட்சி என்பது மாண்பு பற்றியது. வழி பற்றியது அன்று. மர்மக் கதையோ வழி பற்றியது. தொல்காப்பியர் வகுத்த நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இருவகையில், மர்மக் கதையாசிரியன் முன்னதைக் கொண்டு சிறைப்படுத்தலாம். பின்னதைக் கொண்டுதான் விடுவிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக ஆர்தர் கானன் டாயில் எழுதிய 'காப்பர் பீச்சஸ்' கதையைக் காண்போம். 1892 சூனில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை இது. பெண்ணின் பொன்னிறக் கூந்தலை அடிப்படையாகக் கொண்ட இதன் கருவை டாயிலுக்குத் தந்தவர் அவருடைய தாயார் என்பது ஒரு சுவையான செய்தி.

வயலட் ஹன்டர் என்னும் ஆசிரியப் பணிப்பெண்ணுக்கு ஹாம்ப்ஷயரில் ஒரு நாட்டுப்புற வீட்டில் வேலை கிடைக்கிறது. முன்பு மாதம் நான்கு பவுன் பெற்றவளுக்கு இப்போது ஆண்டுக்கு 120 பவுன். நிபந்தனைகள்தாம் விந்தையானவை. கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். கொடுக்கும் நீலநிற ஆடையை உடுத்திக்கொண்டு, சொல்லும் இடத்தில் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் ருகாசில் அவளைச் சாளரத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, வயிறு குலுங்கச் சிரிக்கும்படி கதைகள் சொல்லுகிறார். ஐயுற்ற வயலட் ஓர் உடைந்த கண்ணாடித் துண்டைக் கைக்குட்டையில் மறைத்துவைத்துப் பார்க்கிறாள். வெளியே சாலையில் ஓர் இளைஞன் நின்று அவளையே நோக்கிக்கொண்டிருக்கிறான். பூட்டிய இழுப்பறையில் அவளுடையதைப் போன்றே ஒரு கூந்தல் சுருள் கிடைக்கிறது. வீட்டின் ஒரு பகுதி யாரும் குடியில்லாதது என்று சொல்லப்படுகிறது. அங்கே ஒரு கதவுக்கு இரும்புத் தண்டு குறுக்கே போடப்பட்டிருக்கிறது. அக்கதவின் கீழ் ஒரு நிழல் அசைகிறது.

ருகாசிலின் முதல் மனைவியின் மகள் ஆலிஸ் அமெரிக்கா சென்றுவிட்டாள் என்று வயலட்டுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அவள்தான் அந்த அறைக்குள் இருக்கிறாள். சாலையில் நிற்பவன் அவளை மணக்க விரும்பும் ஃபவுலர். அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள், அவனை மறந்துவிட்டாள் என்று அவனை நம்பவைக்கவே இந்த நாடகம். சாலைக்கும் வீட்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறு கஜம் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அத்தொலைவில், முதுகுப்புறமாக, கூந்தல் நிறமும் ஆடையுமே ஆளாகின்றன. இவ்வளவு தூரம் துப்புகள் யாவும் பழுதற்றவை.

நாம் இங்கே சற்று நின்று நோக்க வேண்டியது மீட்சிப் பகுதியை. ஹோம்ஸும் வாட்சனும் வீட்டுக்குள் நுழைந்து, கதவை உடைத்துப் பார்த்தால் அறை வெறுமையாக இருக்கிறது. ஓர் எளிய படுக்கை, ஒரு சிறுமேசை, ஒரு கூடைத் துணி. கூரையில் உள்ள சாளரம் திறந்து கிடக்கிறது. இறவாரத்தில் ஏணி சார்த்தப்பட்டிருக்கிறது. தந்தைதான் அவளைக் கடத்திச் சென்றுவிட்டான் என்று ஹோம்ஸ் முடிவு கட்டுகிறார். உலகின் முதல்தரத் துப்பறிவாளர் இங்கே பிழைபடுகிறார்! அவளை மீட்டவன் ஃபவுலர். அதற்கு வழி செய்தவள் டோலர் என்னும் குதிரைப் பணியாளனின் மனைவி. கணவனுக்குக் குடிக்கக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டவளும், எசமானர் வெளியே சென்ற வேளைக்கு ஏணியை ஆயத்தமாக வைத்தவளும் அவளே.

இது தற்செயலா, திட்டமா? முதன்முறை படிக்கும்போது தற்செயல் என்றே தோன்றும். ஒரே மாலையில் இரண்டு மீட்புக் குழுக்கள் வருவது எப்படி என்று மாணவர் கேட்பர். மறுமுறை படித்தால் விடை தெரியும். இரு சாராருக்கும் தேவைப்பட்டது வீட்டுக்காரர் இல்லாத வேளை. அவர் வெளியே செல்லும் மாலை ஒன்றே. ஆகவே இருவரும் அதே மாலையைத் தேர்ந்தது காரணத்தின் ஒருமை, தற்செயல் அன்று. டோலர் குடித்துவிட்டு அவ்வப்போது மயங்கிக் கிடப்பதையும் ருகாசில் அதைப் பொருட்படுத்தாமல் இருப்பதையும் வயலட் முன்பே கூறியிருக்கிறாள். ஏன் பொருட்படுத்தவில்லை? அவ்வீட்டில் உள்ள கொடிய காவல் நாயை அடக்க வல்லவன் டோலர் ஒருவனே. நாய் வேண்டுமாயின் குடிகாரனையும் வைத்துக்கொள்ள வேண்டும். சிறையைக் காக்க ருகாசில் செய்த ஏற்பாட்டிலேயே சிறை உடையும் இடமும் இருந்தது. அவன் குடித்துக் கிடந்ததால் அன்று நாய் அவிழ்க்கப்படவில்லை, ஆலிஸ் தப்பினாள். அதே குடியால் இரண்டு நாளாக நாய்க்கு இரை வைக்கப்படவில்லை. பின்னர் அதை அவிழ்க்க ஓடிய ருகாசிலின் கழுத்தையே அது கவ்வியது. ஒரே காரணம் இரு திசைகளில் வேலை செய்கிறது. மேலோட்டமாகக் கதை எழுதுவோர் கற்க வேண்டிய இடம் இது.

இன்னும் நுண்ணியதொரு துப்பு உண்டு. அன்று மாலை டோலர் குடித்திருக்கிறான், தன்னால் அவனை ஒன்றும் செய்ய இயலவில்லை என்று அவன் மனைவியே வீட்டுக்காரியிடம் சொன்னதைத் தான் கேட்டதாக வயலட் ஹோம்ஸிடம் கூறுகிறாள். குடிக்க ஊற்றிக் கொடுத்தவளே அலுத்துக்கொள்கிறாள்! அகப்பாடலில் உள்ளுறை எங்ஙனம் கருப்பொருளுக்குள் ஒளிந்து நிற்கிறதோ அங்ஙனமே இத்துப்பும் ஓர் அன்றாடப் பேச்சுக்குள் ஒளிந்து நிற்கிறது. கடுகடுத்த முகமும் வாய் திறவாமையும் கொண்டவள் என்று அவளை ஆசிரியர் முதலில் காட்டியதால், நாம் அவளைச் சிறைக்காவலருள் ஒருத்தியாகவே எண்ணிக்கொள்கிறோம். வயலட்டும் அப்படியே எண்ணி அவளை நிலவறையில் வைத்துப் பூட்டுகிறாள். உங்கள் திட்டத்தை என்னிடம் சொல்லியிருந்தால் வீண் அலைச்சல் இல்லாமல் போயிருக்குமே என்று அவள் பின்னர் குறைப்பட்டுக்கொள்ளும் இடம் நகைச்சுவையும் உண்மையும் கலந்தது.

குறை இல்லையா எனில், உண்டு. ஆலிஸ் ஆறு வாரம் மூளைக் காய்ச்சலில் சாவின் விளிம்புவரை சென்றவள். தேறியபின்னும் நிழலாக மெலிந்தவள் என்று கதையே சொல்லுகிறது. அத்தகையவள் கூரைச் சாளரம் வழியே ஏறி, ஏணியில் இறங்கிச் சென்றாள் என்பதை டாயில் ஒரு வரியிலும் விளக்கவில்லை. (அந்தச் சிறுமேசையை நாமாகவே சாளரத்தின் கீழ் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.) இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கதை முழுதும் ஆலிஸ் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் செய்த வீரச்செயல் ஒன்றே ஒன்று. உயில்வழி வந்த தன் பணத்தைத் தந்தை எடுத்தாளலாம் என்று கையெழுத்திட அவள் மறுத்தாள். அதற்காகவே நோயுற்றாள், அதற்காகவே சிறைப்பட்டாள். அதையும் நாம் பணிப்பெண்ணின் வாய்மொழியாகவே அறிகிறோம். சிறையிருந்தவளின் கதையில் சிறையிருந்தவளுக்குக் குரலில்லை.

சொத்துக்காகப் பெண்ணை அடைத்துவைத்தல் டாயிலின் கற்பனை அன்று. திருமணமான பெண்ணின் தனிச்சொத்துரிமையை இங்கிலாந்து விரிவாக ஏற்றது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முன்பே, 1859-60இல் டிக்கன்ஸ் நடத்திய இதழில் தொடராக வந்த வில்கி காலின்ஸின் 'வெள்ளுடைப் பெண்' நாவல் இதே கொடுமையை விரிவாகப் பேசியது. லாரா என்னும் செல்வச் சீமாட்டியை, அவளைப் போன்ற தோற்றமுடைய வேறொரு நோயாளிப் பெண்ணின் பெயரில் மனநோய் விடுதியில் அடைத்துவிட்டு, இறந்த அந்நோயாளியை லாராவாக அடக்கம் செய்துவிடுகின்றனர். லாராவின் சகோதரி மரியன் விடுதிக்குச் சென்று, தங்கையை அடையாளம் கண்டு, அங்குள்ள செவிலிக்குப் பணம் கொடுத்து மீட்கிறாள். மரியனிடம் இருந்த கைப்பொருள் முழுதும் எழுநூறு பவுனுக்கும் குறைவு. அதிலிருந்துதான் அந்தப் பெருந்தொகை சென்றது. செவிலிக்கும் ஒரு காரணம் உண்டு; அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது, தொழில் தொடங்கப் பணம் தேவைப்பட்டது. தன்மீது பழி வராதிருக்க அவள் செய்த தந்திரம் போற்றத்தக்கது. அந்த நோயாளி சில நாளாக ஹாம்ப்ஷயருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று உடன் பணியாற்றுவோரிடம் கதை கட்டுகிறாள். தேடுவோர் அத்திசையில் ஓட, சகோதரியர் வேறு திசையில் செல்கின்றனர். இங்கே துப்பு என்பது துலக்குவதற்கு மட்டுமன்றி மறைப்பதற்கும் பயன்படுகிறது.

இந்நாவலில் லாராதான் லாரா என்று நிறுவும் சான்று வெறும் நாள்கணக்கு. சாவுச் சான்றிதழில் சூலை 25; அவள் இலண்டனுக்குப் புகைவண்டி ஏறியதோ சூலை 26. இறந்த மறுநாள் எவரும் பயணம் செய்வதில்லை. இத்தனை நுட்பமாக நாளின்மேல் நாள் அடுக்கிய காலின்ஸுக்கே நாள் தவறிவிட்டது என்பதுதான் வேடிக்கை. நூல் வடிவில் வந்தபின், 1860 இறுதியில், இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் மதிப்புரையாளர் கணக்குப் போட்டு, நாவலில் கூறியுள்ளவாறு பார்த்தால் லாரா ஆகஸ்டு 9க்கு முன் வீட்டை விட்டுப் புறப்பட்டிருக்கவே முடியாது என்று எடுத்துக்காட்டினார். காலின்ஸ் சினக்கவில்லை, 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் நாள்களை மாற்றிச் சீர்செய்தார். மர்மக் கதையை இத்தனை கருத்தோடு படித்த மதிப்புரையாளரையும், அவர் சொல்லைக் கேட்டுத் திருத்திக்கொண்ட ஆசிரியரையும் நம் இலக்கிய உலகிலும் காண ஆசைப்படுகிறோம்.

நம் காலத்து நாவல்களுள் எம்மா டோனஹ்யூ எழுதி 2010இல் வெளிவந்த 'ரூம்' குறிப்பிடத்தக்கது. ஏழாண்டுகளாக ஒரு கொட்டகை அறையில் அடைபட்ட பெண். அங்கேயே பிறந்து ஐந்து வயதான மகன். முதலில், மகனுக்குக் கடுங்காய்ச்சல் என்று நடித்து மருத்துவமனைக்கு அனுப்ப முயல்கிறாள். அடைத்தவன் மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விடுகிறான், திட்டம் தோற்கிறது. ஒரு முறை தோற்றபின் வரும் வெற்றியே நம்பத்தக்கது என்பதை ஆசிரியை நன்கு உணர்ந்திருக்கிறார். அடுத்து, மகன் இறந்துவிட்டான் என்று சொல்லி விரிப்பில் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறாள். அவன் விரிப்பைப் பிரித்துப் பார்க்க மாட்டானா? இங்கேதான் ஆசிரியையின் முன்னேற்பாடு தெரிகிறது. கதையின் தொடக்கத்திலிருந்தே, அவன் வரும் இரவுகளில் தாய் மகனை அலமாரிக்குள் உறங்கவைத்துவிடுகிறாள். மகனை அவன் பார்க்கவே விடுவதில்லை. அன்பால் செய்த அந்தப் பழக்கமே இறுதியில் ஆயுதமாகிறது. பார்க்காமலே பழகியவன் அன்றும் பார்க்கவில்லை. தப்பிய சிறுவனின் தடுமாற்றமான பேச்சிலிருந்து காவலர் இடத்தை உய்த்துணரத் துணை செய்வதும் ஒரு கூரைச் சாளரமே என்பது, ஹாம்ப்ஷயர் வீட்டுக் கூரையை நினைவூட்டுகிறது.

இவையெல்லாம் கதைக்குச் சரி. வாழ்க்கைக்கு இதே அளவுகோலைப் பிடிக்கும்போதுதான் பெருந்தீங்கு நேர்கிறது. நாம் இக்கட்டுரை எழுத முனைந்ததே அதன்பொருட்டுத்தான். ஆஸ்திரியா நாட்டு வியன்னாவில் 1998 மார்ச்சில் பள்ளி செல்லும் வழியில் கடத்தப்பட்ட பத்து வயதுச் சிறுமி நடாஷா கம்புஷ், 2006 ஆகஸ்டு 23ஆம் நாள் தப்பினார். 3096 நாள்கள்! அவர் 2010இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலுக்கு அந்த எண்ணே தலைப்பு. தப்பிய விதம் என்ன? கடத்தியவனின் காரைத் தூசி உறிஞ்சும் கருவியால் தூய்மை செய்துகொண்டிருந்தார். அவனுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கருவியின் இரைச்சல் தாங்காமல் அவன் சற்று விலகிச் சென்று பேசினான். அவர் ஓடினார். நம் போட்டிக்கு இப்படி ஒரு கதை வந்திருந்தால், நேற்று ஏன் ஓடவில்லை என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருப்போம்.

அதையேதான் உலகம் அவரிடம் கேட்டது. அவனோடு வெளியே சென்றதுண்டாமே, அப்போது ஏன் கூவவில்லை என்று கேட்டனர். அவர் சொன்னது முழு உண்மைதானா என்று ஐயுற்றுப் பேசியவர்களும் எழுதியவர்களும் பலர். பத்து வயதில் அடைபட்டவளுக்கு, தப்ப முயன்றால் உனக்கும் பிறருக்கும் சாவு என்று நாளும் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவளுக்கு, திறந்த கதவும் பூட்டிய கதவே என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. கதையில் தற்செயல் ஒரு குறை. வாழ்வில் அது பலர்க்குக் கிடைத்த ஒரே வாயில். பூட்டும் சாவியும் துப்பும் முன்பின் பொருந்தியிருந்தால்தான் நம்புவேன் என்று சொல்ல வாசகனுக்கு உரிமை உண்டு; அண்டை வீட்டானுக்கு அந்த உரிமை இல்லை. நம் ஊர்களிலும், கணவன் வீட்டில் அடைபட்டுக் கிடந்து ஒருநாள் வெளியேறி வந்த பெண்ணிடம், இத்தனை நாள் இருந்தாயே, இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். திண்ணையில் அமர்ந்து மதிப்புரை வழங்குவது எளிது.

எனவே, துப்பறியும் கதைகளை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். இளங்கலை உரைநடைத் தாளில் ஒரே ஒரு கதை போதும். நல்ல மொழிபெயர்ப்பாயினும் சரி, ரங்கராஜுவின் ஓர் இயலாயினும் சரி. புனைவில் காரணம் எங்கே விதைக்கப்படுகிறது, எங்கே முளைக்கிறது என்பதை மாணவர் விரல் வைத்துக் காட்டப் பழகட்டும். அப்பழக்கம் வந்தால், எது புனைவுக்குரிய விதி, எது மனிதருக்குரிய விதி என்று பிரித்தறியும் தெளிவும் கூடவே வரும் என்பது நம் நம்பிக்கை. பாடத்திட்டக் குழுவினர் இதை ஏற்பார்களா என்பது வேறு செய்தி.

'காப்பர் பீச்சஸ்' கதையின் முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தப்பிய மறுநாளே ஆலிஸுக்கும் ஃபவுலருக்கும் சௌத்தாம்ப்டனில் திருமணம் நடந்தது. ஃபவுலர் பின்னர் மொரீசியசுத் தீவில் அரசுப் பணியில் அமர்ந்தார். ருகாசில் உயிர் பிழைத்தார். ஆயினும் உடல் நொறுங்கிப்போன மனிதராக, மனைவியின் பணிவிடையால் மட்டுமே நாள் கழித்தார். டோலர் தம்பதியர் என்னவாயினர்? அதே வீட்டிலேயே இருந்தனர். எசமானரின் கடந்தகாலம் அவர்களுக்கு மிகுதியாகத் தெரிந்திருந்தமையால், அவர்களை அனுப்பிவிட அவரால் இயலவில்லையாம். இதை டாயில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். அந்த வீட்டில் அதற்குப்பின் சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதை அவர் எழுதவில்லை.